திருப்பி அனுப்பிய மணியார்டர்

அன்றைக்கு வாசலில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அப்பா, கயிற்றுக் கட்டிலில். காட்டுக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வந்தவர், காலில் சேறு காயவில்லை. அம்மா, வாசற்படியில், மடியில் முறம், முறத்தில் துவரை. அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, பெஞ்சில். சந்தைக்குப் போகிற வழியில் மோர் குடிக்க வந்தவர். தபால்காரர், சைக்கிளைப் பிடித்தபடி. நான், மாட்டுக்குத் தவிட்டுத் தண்ணீர் கலக்கிக்கொண்டு, முழங்கை வரை தவிடு. களத்தின் கடைசியில் எங்கள் காட்டில் களை எடுத்த ஆள் ஒருவர், கூலிக்காக நின்றிருந்தார்.

தங்கை இல்லை. அவள் கோயமுத்தூரில் காலேஜ் ஆஸ்டலில் இருந்தாள். பணம் அவளுக்குத்தான் வந்தது.

"ஏனுங்க, மெட்ராஸ்ல இருந்து மணியார்டருங்க" என்றார் தபால்காரர். "நாப்பது ரூவா. சின்னம்மணி பேரு போட்டு, கார்டியன்னு உங்க பேருங்க. இங்கொரு கையெழுத்துப் போட்டுக் குடுத்தீங்கன்னா எண்ணிக் குடுத்துப் போடறனுங்க."

அப்பா கையை நீட்டவில்லை. "எதுக்குங்க இது?"

"எனக்கெப்புடிங்க தெரியும்? கீழ எழுதியிருக்குதுங்க. கணக்கு ஆராய்ச்சி, ஜூலை மாசத்துக்குன்னு."

மாமா மோர்ச் சொம்பைக் கீழே வைத்தார். "மாசத்துக்கா? அப்ப மாசாமாசம் வருமாட்ட இருக்குது. ஏனுங்க மச்சான், புள்ளைய மாசக் கூலிக்கு உட்டுப்போட்டீங்களா? சொல்லவே இல்ல பாருங்க. சொல்லியிருந்தா எங்க தோட்டத்துலயே களை வெட்ட உட்டிருக்கலாம். கிட்டக்க இருந்திருக்கும்."

சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. களத்தின் கடைசியில் நின்றவர் வேறு பக்கம் பார்த்தார்.

"திருப்பி அனுப்பிருங்க" என்றார் அப்பா.

"நாப்பது ரூவாயிங்க."

"கேட்டுதுங்க. வேண்டாமுங்க. வெயில்ல வந்திருக்கறீங்க, ஒரு டம்ளர் மோர் குடிச்சுப்போட்டுப் போங்க."

அதுதான் எங்கள் ஊர். கழுத்தை அறுத்தாலும் 'ங்க' போட்டுத்தான் அறுப்போம்.

தபால்காரர் மோரைக் குடித்தார். வாங்க மறுத்தார் என்று எழுதிக்கொண்டார். சைக்கிளைத் திருப்பினார்.

"அப்பா, அது தங்கச்சி சம்பாதிச்சதுங்க" என்றேன்.

"நீ மாட்டப் பாரு அம்மணி."

மாட்டைப் பார்த்தேன்.

எங்கள் தோட்டம் கருமத்தம்பட்டிக்கு வடக்கே. நான் ஐந்தாவது வரை படித்தேன். கட்டிக் கொடுத்தார்கள். சரிப்படவில்லை. திரும்பி வந்தேன். அதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. வந்த நாள் முதல் மாடுகள் என் பொறுப்பு. பால் பணம் அப்பா பெயரில் வரும். பருத்தி எடுத்தேன், கடலைக்காய் பறித்தேன். எனக்கு யாரும் கூலி கொடுத்ததில்லை. வீட்டுப் பெண்ணுக்குக் கூலி எதற்கு? ஆகவே பணம் பெரிது என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. பணத்தை நான் கையில் பிடித்துப் பார்த்ததே குறைவு.

அந்த நாற்பது ரூபாய் எப்படி வந்தது என்று சொல்கிறேன்.

தங்கை பி.எஸ்ஸி. முதல் வருஷம் சேர்ந்த புதிதில் அவளுடைய கணக்கு டீச்சர் பஸ் பிடித்து எங்கள் தோட்டத்துக்கு வந்தார். கும்பகோணத்துப் பக்கம் பிறந்தவர். கோயமுத்தூருக்கு வந்து சில வருஷம் ஆகியிருந்தது. ஒல்லி. நூல் புடவை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

மெட்ராஸில் கணக்குக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது என்றார். கவர்ன்மெண்ட் பணத்தில் நடப்பது. எம்.ஏ. முடித்துத் தலை நரைக்கத் தொடங்கியவர்கள்தான் ஆராய்ச்சி செய்யவேண்டும் என்று இல்லை, காலேஜில் நுழைந்த பிள்ளைகளையும் சேர்த்துப் பார்ப்போம் என்று அங்கே ஒரு பெரியவருக்குத் தோன்றியிருக்கிறது. ஆளுக்கு ஒரு கேள்வி கொடுப்பார்களாம். மூன்று வருஷத்துக்கும் அதே கேள்வி. மாதாமாதம் செய்ததை எழுதி அனுப்பவேண்டும். கோடை லீவில் மெட்ராஸ் போய் அங்கேயே தங்கி, பெரியவர்களோடு உட்கார்ந்து செய்யவேண்டும். எத்தனையோ காலேஜில் கேட்டு, எங்கள் பக்கத்தில் இவள் ஒருத்தியைத்தான் எடுத்திருக்கிறார்கள் என்றார்.

"வெடை எந்தப் புஸ்தகத்துல இருக்குதுங்க?" என்று அம்மா கேட்டாள்.

"எதுலயும் இல்லைம்மா. அதுதான் ஆராய்ச்சி."

"கேள்வி குடுத்தவருக்குத் தெரியுமல்லங்க?"

"அவருக்கும் தெரியாது."

அம்மாவுக்குக் கவலை வந்துவிட்டது. "அப்பறம் புள்ள பாசாயிட்டாளான்னு எப்புடிங்க கண்டுபுடிப்பீங்க?"

டீச்சர் வாய்விட்டுச் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. தாடையைத் தேய்த்துக்கொண்டார்.

"அம்மணி, நம்ம கெணறு வெட்டி முடிக்க நாலு வருசமாச்சு" என்றார் அம்மாவைப் பார்த்து. "பாறைய ஒடைக்க ஒடைக்கத் தண்ணி இருக்குதா இல்லியான்னு எவனுக்குத் தெரிஞ்சுது? வெட்டுனவனுக்கும் தெரியல. தண்ணி பாத்துச் சொன்னவனுக்கும் தெரியல." பிறகு டீச்சர் பக்கம் திரும்பினார். "வெட்டட்டுமுங்க. மூணு வருசந்தானுங்களே."

அப்பாவுக்குப் புரிந்தது. படித்தவர்களுக்கே இன்றைக்கும் புரியாதது, அந்த மனுஷனுக்கு உட்கார்ந்த இடத்தில் புரிந்தது. எனக்கு இன்னும் ஆறாதது அதுதான்.

டீச்சர் கடைசியில் சொன்னார், "மாசம் நாப்பது ரூபாய் உதவித்தொகையும் தருவாங்க."

"அய்யோ, அதெல்லாம் எதுக்குங்க."

"எல்லாருக்கும் குடுக்கறதுதாங்க."

"இருக்கட்டுமுங்க, வேண்டாமுங்க."

"அப்படிச் சொல்லக் கூடாது."

"உங்க பெரிய மனசுங்க. நமக்கு வேண்டாமுங்க."

"சரி, சரி" என்று டீச்சர் புன்னகையோடு பேப்பரை நீட்டினார். அவளுக்குப் பதினெட்டு ஆகவில்லை. அதனால் அப்பா கையெழுத்துப் போட்டார். பணம் கார்டியன் பெயருக்கு வரும் என்று அந்தப் பேப்பரில் இங்கிலீஷில் இருந்திருக்கிறது. அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது.

இங்கே எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். வந்தவரைச் சாப்பிடச் சொன்னால் "இப்பத்தானுங்க சாப்பிட்டேன்" என்பார். திரும்பச் சொன்னால் "வயித்துல எடமில்லீங்க" என்பார். மூன்றாம் தடவை கையைப் பிடித்து இழுத்தால் உட்கார்ந்து நாலு இட்டிலி சாப்பிடுவார். உடனே உட்கார்ந்தால் அலைகிறவன் என்று பெயர். டீச்சர் இதை நன்றாகவே கற்றுவைத்திருந்தார். அன்று மத்தியானம் அவரே முறையாக மூன்று தடவை மறுத்துவிட்டுத்தான் எங்கள் வீட்டில் கை நனைத்தார். அப்பா நாற்பது ரூபாயை மறுத்ததையும் டீச்சர் அதே சோற்றுக் கணக்கில் சேர்த்துக்கொண்டார். அப்பாவோ, டீச்சர் சொன்ன 'சரி'யைப் பணம் வராது என்ற பேச்சாக எடுத்துக்கொண்டார். இவருக்கும் திருப்தி. அவருக்கும் திருப்தி. கும்பிட்டுப் பிரிந்தார்கள்.

சோறு வேண்டாம் என்பதும் கூலி வேண்டாம் என்பதும் எங்கள் ஊரில் ஒன்றல்ல. டீச்சருக்கு அதைச் சொல்லிக் கொடுக்க ஆளில்லை.

ஆடி நோம்பிக்குத் தங்கை வந்தாள். கிணற்று மேட்டில் மோட்டார் ரூம் கட்டி மிஞ்சின செங்கல் களத்து ஓரம் கிடந்தது.

"அக்கா, வா. ரெண்டு கல்லு எடு" என்றாள்.

"பால் கறக்கோணும்."

"அதுக்கு இன்னும் பொழுதிருக்குது, வாக்கா."

செங்கல்லின் நீளம் அகலத்தைப் போல இரண்டு மடங்கு. கரியால் களத்தில் ஒரு சதுரம் போட்டாள். இரண்டு கல் சரியாக உட்காரும் சதுரம்; கல்லின் அகலத்தால் அளந்தால் இரண்டுக்கு இரண்டு. "இதுக்குள்ள எத்தன வெதமா வெக்கலாம்?" என்றாள். நேராக இரண்டும் வைத்தேன். குறுக்காக இரண்டும் வைத்தேன். வேறு வழியில்லை. இரண்டு.

"மூணுக்கு மூணு?" என்றேன்.

"வெச்சுப் பாரு."

வைத்தேன். எப்படி வைத்தாலும் அரைக்கல் இடம் மிச்சம். "நீ இத முன்னயே சொல்லியிருக்கலாம்" என்றேன். சிரித்தாள்.

நாலுக்கு நாலு. எட்டுக் கல். அதற்குத்தான் பொழுது போனது. ஒவ்வொரு விதமும் வைக்க வைக்க அவள் தரையில் கரியால் அதைப் போலவே சின்னதாகப் போட்டுக்கொண்டே வந்தாள். வைத்ததையே திரும்ப வைத்தால், "இது வந்தாச்சுக்கா" என்பாள். களம் முழுக்கச் சின்னச் சின்னக் கட்டம். கடைசியில் முப்பத்தாறு. முப்பத்தேழாவதைத் தேடினோம். இல்லை.

அம்மா எட்டிப் பார்த்தாள். "கழுத வயசாச்சு ரெண்டுக்கும். கல்லடுக்கி வெளையாடுதுக."

அப்பா மண்வெட்டியோடு அந்தப் பக்கம் வந்தார். "தரை போடப்போறியா கண்ணு?"

"இல்லீங்கப்பா. எத்தன வெதமாப் போடலாம்னு பாக்கறனுங்க."

"எப்பப் போட்டாலும் ஒரு வெதமாத்தான போடறோம்?"

"அந்த ஒண்ண எத்தனைல இருந்து எடுத்தீங்கன்னு உங்களுக்குத் தெரியுமுங்களா?"

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். "பேச்சப் பாரு" என்றார் யாரிடமோ. முகம் மலர்ந்திருந்தது. நான் பார்த்தேன்.

அதுதான் அவளுக்கு மெட்ராஸ் கொடுத்த கேள்வி. ஆறுக்கு ஆறு அறைக்கு எத்தனை, எட்டுக்கு எட்டுக்கு எத்தனை, அதற்குமேல் எவ்வளவு பெரிய அறையானாலும் எண்ணாமலே சொல்ல ஒரு விதி உண்டா? அவளுக்கு அதைத் தவிர வேறு நினைப்பு இல்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே நின்றுவிடுவாள்.

பிறகு ஆவணியில்தான் முதல் மணியார்டர் வந்தது. அதைத்தான் மேலே எழுதினேன்.

அன்று மாமா சந்தைக்குப் போனார். சந்தையில் என்ன சொன்னாரோ, அடுத்த வாரம் அப்பா போனபோது பருத்திக் கடையில் ஒருவர், "புள்ளைக்கு மெட்ராஸ்ல வேலையாமுங்க, சந்தோசமுங்க" என்று சொல்லியிருக்கிறார். அப்பா வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. இரண்டாவது மணியார்டர் வருவதற்கு முன்னாலேயே போஸ்டாபீசுக்குப் போய், இனிமேல் வீட்டுக்குக் கொண்டுவரவேண்டாம், வந்தால் அப்படியே திருப்பிவிடுங்கள் என்று சொன்னார். அதோடு நிற்கவில்லை. தன் மடியிலிருந்து பத்து ரூபாய் எடுத்து அந்த மெட்ராஸ் நிலையத்துக்கு மணியார்டர் செய்தார். "ஏழப் புள்ள எதுக்காச்சும் ஆகட்டும்" என்றாராம். மாமா தொடையைத் தட்டினார். "அதானுங்க மச்சான் நம்ம வம்சம்."

அன்று நான் கேட்டேன். மாட்டுக்கொட்டாயில், அவர் கன்றை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது.

"ஏனுங்கப்பா, கூலின்னா என்னங்க தப்பு?"

அவர் கன்றின் கயிற்றைச் சுருட்டினார். "நம்ம களத்துல கூலி வாங்க நிக்கறவங்களப் பாத்திருக்கறயல்ல?"

"பாத்திருக்கறனுங்க."

"அப்பறம் என்ன கேள்வி?"

பார்த்திருக்கிறேன். களத்தின் கடைசியில் நிற்பார்கள். அழைக்காமல் கிட்டே வரக் கூடாது. துணியை விரித்துப் பிடிப்பார்கள், மேலேயிருந்து தானியத்தைக் கொட்டுவோம். காசானால் கையில் படாமல் போடுவோம். அப்பாவுக்குத் தெரிந்த சம்பளம் அது ஒன்றுதான். அந்த இடத்தில், அந்தத் தூரத்தில், தன் மகள் துணியை விரித்துக்கொண்டு நிற்பதாக அவர் கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. அப்படி ஆட்களை நிற்கவைத்தது யார்? நாங்கள்தான். தலைமுறை தலைமுறையாக நாங்கள்தான். உழைத்தவனுக்குக் கொடுப்பதை நாங்கள் அவமானமாக ஆக்கிவைத்தோம். அது திரும்பி வந்து எங்கள் வீட்டுப் பெண்ணையே அடித்தது.

ஆயுத பூஜைக்குத் தங்கை வந்தாள். அதற்குள் மூன்றாவதும் திரும்பிப் போயிருந்தது. அவளிடம் சொன்னேன்.

"போகட்டும்க்கா" என்றாள். "அதுக்குச் சண்ட புடிச்சா காலேஜே வேண்டாம்னுருவாரு. எனக்கு அந்தக் கேள்வி இருந்தாப் போதும்."

பிறகு கையைப் பிடித்துக் களத்துக்கு இழுத்துப் போனாள். ஆறுக்கு ஆறு முடிந்துவிட்டது என்றாள். பதினெட்டுக் கல்லை ஒவ்வொரு விதமாக வைத்துப் பார்த்தால் ஆயுசு போதாது. அவள் அப்படிச் செய்யவில்லை. ஒரு வரிசை முடிகிறபோது எந்தக் கல்லெல்லாம் அடுத்த வரிசைக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதை மட்டும் ஞாபகம் வைத்தால் போதும், மீதியை மறந்துவிடலாம் என்றாள். மெட்ராஸ் பெரியவர் அதைப் படித்துவிட்டு, நல்ல வழி, விடாமல் போ என்று எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தை ஜாக்கெட்டுக்குள் வைத்திருந்தாள். வேர்வையில் மை கலைந்திருந்தது.

"மிஸ்ஸுக்கும் சொல்லல. உனக்குத்தான் மொதல்ல" என்று எண்ணைச் சொன்னாள். மனப்பாடமாகும் வரை திரும்பச் சொல்லச் சொன்னாள்.

தீபாவளி கழிந்தது. ஒரு நாள் டீச்சரும் தங்கையும் ஒரே பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். தங்கை வாசலோடு நின்றுவிட்டாள். அம்மா தண்ணீர் கொண்டுவந்தாள். டீச்சர் வேண்டாம் என்றார். ஒரே தடவை. அம்மா சொம்போடு அப்படியே நின்றாள்.

டீச்சர் ஒரு பேப்பரைப் படித்துத் தமிழில் சொன்னார். மூன்று மாதம் தொடர்ந்து தொகையைப் பெற்றுக்கொள்ளாததால் மாணவி இடத்தைத் துறந்துவிட்டதாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. அந்த இடம் வேறு மாணவருக்குக் கொடுக்கப்பட்டுவிட்டது. கார்டியன் அனுப்பிய நன்கொடை ரூபாய் பத்துக்கு நிலையத்தின் நன்றி. ரசீது இத்துடன்.

ரசீதை நீட்டினார். அப்பா அதை வாங்கினார். அதை மட்டும் வாங்கினார்.

"இதென்னுங்க ஞாயம்?" என்றார். "காசு வேண்டாம்னா கணக்கு வேண்டாம்னு அர்த்தமுங்களா?"

"கையெழுத்துப் போட்டுப் பணம் வாங்கறதுதான் அவங்களுக்கு ஆஜர். எனக்கே இது தெரியாது. நான் கேட்டிருக்கணும்."

"நான் வேண்டாம்னு அன்னிக்கே சொன்னனுங்களே."

"நீங்க மரியாதைக்குச் சொல்றீங்கன்னு நெனச்சேன்."

அப்பா மடியைத் தடவினார். "மாசம் எம்பது ரூவா நான் கட்டறனுங்க. மூணு வருசத்துக்கும் ஒட்டுக்காக் கட்டிப்போடறனுங்க. அந்த எடத்தக் குடுக்கச் சொல்லுங்க."

"அது விலைக்குக் கிடைக்கற இடம் இல்லைங்க."

"கட்டடம் கிட்டடம் ஏதாச்சும் வேணுமுன்னா..."

"ஐயா" என்றார் டீச்சர். "அந்த நாப்பது ரூபாய் உங்களுக்கு இல்லை. அவளுடைய பொழுதுக்கு. கல்யாணம், சமையல், பரீட்சை, எதுவும் வந்து அவ மூணு வருஷத்த எடுத்துக்கக் கூடாதுன்னு அவங்க முன்கூட்டிக் குடுத்த அச்சாரம். அத நீங்க திருப்பி அனுப்பிட்டீங்க."

அச்சாரம் என்றால் அப்பாவுக்குத் தெரியும். மாடு வாங்குகிறவர். அச்சாரத்தைத் திருப்பினால் பேச்சு முறிந்தது என்று அர்த்தம். கட்டிலில் உட்கார்ந்தார்.

மாமாவும் அங்கே இருந்தார். எதற்கும் இருப்பார். "போனாப் போகுதுங்க மச்சான். கல்லு அடுக்கறதுக்கு மெட்ராஸ் எதுக்கு? நம்மூருக் கொத்தனார் அடுக்கமாட்டானா?"

அப்போதுதான் தங்கை பேசினாள். மாமாவிடம் இல்லை. அப்பாவிடம்.

"ஏனுங்கப்பா, நீங்க கெணறு வெட்டையில, பாதில கயித்த அறுத்துப்போட்டு, தண்ணிதான வேணும், நான் வாங்கித் தாரேன்னு யாராச்சும் சொன்னாங்களா?"

அவள் குரலை உயர்த்தவில்லை. 'ங்க'வை விடவில்லை. உள்ளே போய் முகம் கழுவினாள். அழுதாளா என்று தெரியாது. வெளியே வந்தபோது கண் காய்ந்திருந்தது.

டீச்சர் மெட்ராஸுக்கு எழுதினார், நேரிலும் போனார். விதி விதிதான் என்றார்களாம். பெரியவர் வருத்தப்பட்டாராம். எனக்கு அப்பாமேல் உள்ள கோபத்துக்குக் குறையாமல் அவர்கள்மேலும் உண்டு. மாதாமாதம் அவள் எழுதிய பேப்பர் அங்கே போனது. ஓர் அறையில் ஒருவர் அதைப் படித்து நல்ல வழி என்று எழுதினார். பக்கத்து அறையில் இன்னொருவர் அவள் பெயரை அடித்தார். நடுவில் ஒரு கதவுகூடவா இல்லை? எழுந்து போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஒரு கார்டு போட்டு, 'அம்மா, உனக்கு வேண்டுமா வேண்டாமா' என்று அவளைக் கேட்டிருக்கலாம். கேள்வி அவளுக்கு. உழைப்பு அவளுடையது. வேண்டுமா என்று கேட்டதும் வேண்டாம் என்று சொன்னதும் வேறு ஆட்கள். டீச்சர் கேட்டது அப்பாவை. தபால்காரர் கேட்டது அப்பாவை. மெட்ராஸ் பார்த்தது அப்பாவின் கையெழுத்தை. அவளை ஒருவரும் கேட்கவில்லை.

இடம் போன பிறகும் அந்தக் கேள்வியைச் செய்தால் என்ன என்று சிலர் பின்னாளில் கேட்டார்கள். அவள் முயன்றாள். அந்த வருஷக் கோடையில் அவளுக்கு மெட்ராஸ் இல்லை. லைப்ரரி இல்லை. வழி தப்பினால் சொல்ல ஆள் இல்லை. வீட்டில் இருந்தாள். வீட்டில் இருக்கிற பெண்ணை வீடு சும்மா விடாது. பருத்தி எடுக்க ஆள் குறைந்தால் அவள், விருந்தாளி வந்தால் அவள், அம்மாவுக்குக் காய்ச்சல் என்றால் அவள். கரியை எடுத்துக்கொண்டு களத்தில் குனிந்தால், "சும்மாதான இருக்கற" என்று யாராவது கூப்பிடுவார்கள். டீச்சர் அச்சாரம் என்றாரே, அது எனக்கு அந்தக் கோடையில்தான் புரிந்தது. சம்பளம் இல்லாத வேலையை யாரும் வேலை என்று எண்ணுவதில்லை. எனக்குத் தெரியாதா அது?

செங்கல்லை அப்பா மாட்டுத் தொட்டி கட்ட எடுத்துக்கொண்டார். நான் தடுக்கவில்லை.

தங்கை பி.எஸ்ஸி. முடித்தாள். பி.டி. படித்தாள். பெருந்துறைப் பக்கம் ஒரு கவர்ன்மெண்ட் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சரானாள். முதல் மாதச் சம்பளத்தை அப்பாவிடம் கொண்டுவந்து நீட்டினாள். அப்பா இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மாமா பக்கத்தில் நின்றார். "எங்கக்கா புள்ள, கவுருமெண்டுச் சம்பளம்" என்று சந்தை முழுக்கச் சொன்னார். ஊரில் ஒருவரும் கூலி என்று சொல்லவில்லை.

அன்று நான் வாயை அடக்கவில்லை. "இது கூலி இல்லீங்களாப்பா?"

"இது கவுருமெண்டுக் காசு அம்மணி."

"அந்த நாப்பதும் கவுருமெண்டுக் காசுதானுங்க. டீச்சரம்மா அன்னிக்கே சொன்னாங்க. இந்த வாசல்ல உக்காந்துதான் சொன்னாங்க."

அப்பா பணத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மாமா, "பழசு எதுக்கு இப்ப?" என்றார். பழசு இல்லை. எனக்கு இன்றைக்கும் பழசு இல்லை.

அப்பா போய்விட்டார். மாமாவும் போய்விட்டார். கோபம் போகவில்லை. அப்பா கெட்டவர் இல்லை. மகளுக்குக் காலேஜ் கட்டணம் கட்டினார், எங்கள் சுற்றுவட்டத்தில் அப்போது யாரும் கட்டவில்லை. கிணற்றைச் சொல்லி டீச்சரிடம் பேசியவர் அவர்தான். கையெழுத்துப் போட ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். போட்டுவிட்டு அந்தக் காசைக் கோயில் உண்டியலில் போட்டிருந்தால்கூடப் போதும். அவள் மூன்று வருஷமும் அவளுக்கே இருந்திருக்கும்.

தங்கை அதைப் பற்றிப் பேசுவதில்லை. ஒரே ஒரு தடவை நானாகக் கேட்டேன், அந்த எண்ணைச் சொல்லி, எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது, சரிதானா என்று. சரிதான் என்றாள். பிறகு, "அம்பத்தெட்ட அம்பத்தெட்டால பெருக்கி ரெண்டு மடங்கு பண்ணுனா அது வரும்க்கா. அது சும்மா வராது. ஏன் வருதுன்னு பாக்கோணும்னு இருந்தேன்" என்றாள்.

அதைப் பார்க்கத்தான் அந்த மூன்று வருஷம். எட்டுக்கு எட்டு வரைக்கும் அவள் போகவில்லை. அவளை நிறுத்திய இடம் ஆறுக்கு ஆறு.

ஆறாயிரத்து எழுநூற்று இருபத்தெட்டு.